துண்டு

அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் கர்த்தருடைய ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ஒரு இடத்தில் மட்டும் அவர் குரல் இறங்கும். 'கடன்' என்ற சொல் வரும் இடம். எங்கள் சபையில் பழைய வேதாகமத்தின்படிதான் ஜெபம். மத்தேயுவின் அந்த வரியில் பாவம் என்றோ குற்றம் என்றோ இல்லை, கடன் என்றுதான் இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் சொன்ன ஜெபத்தில் அதே இடத்தில் தீமை என்றும் பொறுத்தல் என்றும் வரும். அவர்களுக்குப் பொறுப்பது, எங்களுக்குக் கடன். ஒரே மலையில் ஒரே கொழுந்து பறித்தவர்கள், ஆண்டவரிடம் வேறு வேறு கணக்கு வைத்திருந்தோம்.

அம்மாயியின் குரல் இறங்கியதற்குக் காரணம் பக்தியில்லை, துண்டு. இன்றைய பிள்ளைகளுக்குத் துண்டு என்றால் தோளில் போடுவது. அம்மாயியின் அப்பா காலத்தில் அது ஒரு காகிதம். ஊரிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி கப்பல் கூலி, வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாவற்றையும் பற்று எழுதுவார். அந்தப் பற்று தீராமல் தோட்டத்தை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் பொலிஸ், வழக்கு, மறியல். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இந்தத் தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதித் தருவார்: இன்ன தொகையைக் கட்டுகிறவர் இந்த ஆட்களைக் கொண்டுபோகலாம். புதுத் தோட்டம் அதைக் கட்டும். கட்டியதோடு கடன் தீர்ந்துவிடாது, பழைய புத்தகத்திலிருந்து புதுப் புத்தகத்துக்குக் குடிபோகும். போகிற வழியில் கொஞ்சம் கொழுத்தும் போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அம்மாயி அப்போது சின்னப் பிள்ளை. ஆனாலும் அவருடைய அப்பா பசறைப் பக்கத்தில் மூன்று தோட்டம் மாறியதையும் ஒவ்வொரு மாற்றத்திலும் தொகை ஏறியதையும் மணி மணியாகச் சொல்வார்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை உபதேசியார் வீட்டு ஜெபத்தில் சிலுவையை விளக்கினார். நமக்குப் புரியட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "நாமெல்லாம் பிசாசோட புத்தகத்துல பத்து எழுதின ஆளுக. இயேசு நம்ம துண்டக் கட்டி எடுத்துக்கிட்டாரு." எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாயி கேட்டார்: "அப்ப இவரும் பேர் போடுவாரா, அரைப்பேரா ஐயா?"

முழு நாள் கூலிதான் பேர். கொழுந்து நிறை குறைந்தால் பாதிக் கூலி. அதுதான் அரைப்பேர். உபதேசியார் சிரித்துச் சமாளித்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கேள்வியை நான் இன்னும் கடக்கவில்லை.

மீட்பும் மன்னிப்பும் ஒன்றல்ல என்பதை எங்கள் அம்மாயி ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று பிறகுதான் விளங்கியது. யாரோ விலை கொடுத்து என்னை மீட்டால் என் கடன் கை மாறுகிறது. மன்னிப்பு என்றால் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே கிழிப்பது. இரண்டையும் ஒரே சொல்லாகக் குழைத்துப் பிரசங்கிப்பது எங்கள் சபைகளுக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. தோட்டங்களில் சுவிசேஷம் சொல்ல 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது அதற்குச் சந்தா கட்டியவர்கள் தோட்டத் துரைமார். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் உண்மையாகவே உழைத்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் துரையின் காசில் நடக்கும் பிரசங்கத்தில் கடன் கொடுத்தவனைப் பற்றி எவ்வளவு பேச முடியும்? கடன்பட்டவனைப் பற்றித்தான் பேசினார்கள். முன் பெஞ்சில் தோட்டத்து ஸ்டாப், பின்னால் பாயில் நாங்கள். மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் எப்போதும் முன்பக்கத் தலைகளுக்கு மேலால் பறந்து பாய்க்கு வந்து விழும்.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன். ராஜா இரங்கி முழுவதையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் வாங்கியிருந்த உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியென்றால் நூறு வெள்ளிப்பணம் நூறு பேர். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாயில் கணக்குப் போட்டால் 1,35,000 ரூபாய். லயத்தில் ஒரு குடும்பம் அடகுக் கடைக்கும் சீட்டுக்கும் நுண்கடன் கம்பனிக்கும் கட்டவேண்டிய தொகை போலத்தான் இருக்கிறது. சின்னத் தொகை இல்லை. இந்த இடத்தைப் பிரசங்கிகள் தவறாகவே வாசிக்கிறார்கள். நூறு வெள்ளிப்பணத்தை ஏதோ சில்லறை போலச் சொல்கிறார்கள். இயேசு அப்படிச் சொல்லவில்லை. ஒருவன் எனக்குச் செய்த தீங்கு நூறு நாள் உழைப்பின் பெறுமதி உள்ளது, அது வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறார். மற்றத் தொகைதான் மலைக்க வைப்பது. ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு முந்நூறு பேர் விழுந்தாலும் இரண்டு லட்சம் வருஷம் மலை ஏற வேண்டும். அவ்வளவையும் ராஜா துண்டு எழுதி வேறு யாருக்கும் விற்கவில்லை, கிழித்துப் போட்டார். கிருபை என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே விளக்கம் அந்தக் கணக்கு.

ஆனால் ஒன்று. அந்தக் கதையில் இரண்டு கடன்காரரும் தாங்கள் கடன்பட்டவர்கள் என்பதை மறுக்கவில்லை. இரண்டு பேருமே காலில் விழுந்து தவணை கேட்கிறார்கள்.

1983 ஜூலை 27ஆம் திகதி தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தது. எங்கள் மலையிலிருந்து புகை தெரிந்தது. அன்று இரவு எங்கள் லயத்துக்கும் வந்தார்கள். நாங்கள் மேல்மலைக் கானுக்குள் படுத்திருந்தோம். லயத்தின் ஒரு பக்கம் எரிந்தது, எங்கள் காம்பிரா உட்பட. ஆட்டை ஓட்டிப் போனார்கள். அப்பாவின் இரண்டு வேட்டியும் அம்மாயியின் வேதாகமமும் போயின. உயிர் எதுவும் போகவில்லை. அந்த வருஷம் அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் பாக்கியவான்கள். வந்தவர்களில் ஒருவரை அம்மாவுக்குத் தெரியும். தோட்டத்தை ஒட்டிய கிராமத்தவர், மரக்கறி கொண்டுவந்து விற்பவர், அம்மாவை "அக்கே" என்று கூப்பிடுகிறவர். தீப்பந்த வெளிச்சத்தில் முகம் பார்த்திருக்கிறார் அம்மா.

அடுத்த வருஷம் பிலாக்காய்க் காலத்தில் அந்த ஆள் இரண்டு பிலாக்காயை எங்கள் புதுக் காம்பிரா வாசலில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. வாசலில் கிடந்த காயை எடுக்கவா எறியவா என்று அப்பா பார்த்தார். அம்மா எடுத்துக்கொண்டார். சமைத்து எங்களுக்குப் போட்டார். தான் தொடவில்லை. அதற்கடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷமும். எங்களுக்கு அவித்தும் பொரித்தும் கறியாக்கியும் கொடுத்த அம்மா, ஒரு வாய் வைத்துப் பார்த்ததில்லை. உப்பு சரியா என்று எங்களிடம் கேட்பார்.

வீட்டு ஜெபத்துக்கு வந்த ஐயர் இதைக் கேள்விப்பட்டு, "மனசார மன்னிச்சிடுங்கம்மா, கர்த்தர் உங்களை மன்னிச்ச மாதிரி" என்றார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவரு கேக்கட்டுங்க ஐயா. கேக்காததக் குடுக்கப் போனா, நான் ஏதோ பெரிய ஆளுன்னு ஆயிரும்" என்றார். ஐயருக்கு அது பிடிக்கவில்லை. சிலுவையில் இயேசு யாரும் கேட்காமல் மன்னித்தாரே என்றார். அந்த இடத்தைப் பிறகு நான் பலமுறை வாசித்துவிட்டேன். லூக்கா 23. அங்கே இயேசு ஆணி அடித்தவர்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. பிதாவிடம்தான் பேசுகிறார். மன்னிக்கும் வேலையை மேலே ஒப்படைக்கிறார். அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதற்கு மேல் முடியாது, தேவகுமாரனாக இருந்தாலும். என் வாசிப்பு தப்பாக இருக்கலாம், வேதசாஸ்திரம் படித்தவர்கள் திருத்தட்டும். ஆனால் குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனை ஏழெழுபது தரம் மன்னி என்று லயத்துப் பெண்களுக்குச் சொல்லும் பிரசங்கத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தப் புருஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சக்கேயுவின் கதையைச் சொன்ன ஐயர் ஒருவரையும் பார்த்ததில்லை.

சக்கேயு வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஏறக்குறைய ஒரு பெரிய கங்காணி. இயேசு மரத்திலிருந்து அவனை இறங்கச் சொல்லி அவன் வீட்டுக்கே தங்கப் போகிறார். கிருபை முதலில் வந்துவிட்டது, நிபந்தனை எதுவும் இல்லை. அதன் பிறகு அவன் தானாக எழுந்து நின்று ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதில் நாலத்தனை திருப்பி என்கிறான். கெட்ட குமாரனின் கதைக்கு எங்கள் சபைகளில் வருஷத்துக்கு நாலு பிரசங்கம் கிடைக்கிறது. சக்கேயு ஞாயிறு பாடசாலைப் பாட்டோடு நின்றுவிட்டான்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பெரிய குற்றங்களை மன்னிக்கச் சொல்லும் அதே சபை, சின்னஞ்சிறு தவறுகளை மன்னிக்காது. மத்திய கிழக்கில் வேலைக்குப் போய்க் கைக்குழந்தையோடு திரும்பிய பெண் எங்கள் கோயிலில் இராப்போசனத்துக்கு எழுந்திருக்க இரண்டு வருஷம் ஆயிற்று. யாரும் தடுக்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடி, பிறகு திரும்பி வந்து மாதா மாதம் கட்டித் தீர்த்த ஒருவர் சாகும்வரை 'சீட்டுக்காரன்'தான்.

பதுளை நகரில் பரிசுத்த மாற்கு ஆலயம் இருக்கிறது. திருநாளுக்கு எங்களை லொறியில் ஏற்றிப் போவார்கள். 1857இல் எழுந்த அந்த ஆலயம் மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவுக்குக் கட்டியது. பதுளையை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரி, 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தவர். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர். அவருடைய நுவரெலியாக் கல்லறையிலும் மின்னல் விழுந்தது என்று சிங்களவரும் தமிழரும் ஒன்றுபோலச் சொல்லுவார்கள். ஊருக்கு அவரை மன்னிக்க மனமில்லை, வானத்தைச் சாட்சிக்கு இழுக்கிறது. அவருடைய நண்பர்களோ கோயில் கட்டினார்கள். யானைகள் சார்பில் மன்னிக்கும் உரிமை யாருக்கு என்று அந்த ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். வேடிக்கையாகத் தொடங்கிய யோசனை, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வேடிக்கையாக இல்லை.

பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. புலிகள் என்று பிடிபட்டவர்கள், சரணடைந்தவர்கள், சந்தேகத்தின் பேரில் வந்தவர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், சிறுவர்களும் இருந்தார்கள். புனர்வாழ்வு என்பது அரசாங்கத்தின் அகராதியில் கிருபைக்கு உள்ள சொல். தப்பு செய்தாய், இருக்கட்டும், இன்னொரு வாழ்வு தருகிறோம். 2000 ஒக்டோபர் 25 காலையில் பொல்லும் கத்தியுமாய் ஒரு கும்பல் உள்ளே நுழைந்து அவர்களில் 26 பேருக்குக் குறையாமல் அடித்தும் வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிசார் அங்கேயே இருந்தார்கள். விசாரணை நடந்தது. 2003இல் மேல் நீதிமன்றம் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அத்தோடு சட்டப்படி அந்தக் கொலைகளைச் செய்தவர் எவரும் இல்லை என்றாயிற்று.

அந்தப் பிள்ளைகளின் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள். அவர்கள் யாரை மன்னிப்பது? கேட்பதற்கும் ஆளில்லை, பேர் சொல்லி மன்னிப்பதற்கும் ஆளில்லை. கடன் கொடுத்தவர் இருக்கிறார், கடன்காரன் என்று ஒருவனும் இல்லை என்று எழுதிய புத்தகம் அது. அந்தப் புத்தகத்தை மூடச் சொல்வதற்கு மன்னிப்பு என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதைக் கோபத்தில் சொல்வதாகத் தோன்றலாம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பின் இதே பிரச்சினை கர்தினால் மல்கம் ரஞ்சித்துக்கும் வந்தது. 2019இல் 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருஷத்து உயிர்த்த ஞாயிறன்று தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் சொன்னார். அதன் பிறகும் விசாரணை எங்கே, பின்னால் இருந்தவர் யார் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். முரண்பாடு என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், உண்மையைக் கேட்கும் உரிமையை விட முடியாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. பிறகு அவர் கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார், மற்றவர்கள் செய்த தவறுக்காக என்று. தன் தவறை விட்டுவிட்டு மற்றவர் தவறுக்கு மன்னிப்புக் கேட்பது மலிவான காரியம் என்று அன்று பத்திரிகையை மடித்து வைத்தேன்.

மடித்து வைத்தபின் ஒரு உறுத்தல். மற்றவர் தவறுக்கு மன்னிப்புக் கேட்பது எப்போதும் மலிவானதுதானா? மைக்கல் ரொட்ரிகோ ஞாபகத்துக்கு வந்தார்.

அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர். ரோமிலும் பாரிசிலும் படித்தவர். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டி ஆயர் பதவியை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைக் கேட்டு வாங்கி வந்தவர் ஆயர் லியோ நாணயக்கார. அவரோடு பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமார் பயிற்சி நிலையத்தில் வேலை செய்தார் ரொட்ரிகோ. 1980இல் ஊவாவின் கீழ்ப்பக்கம், புத்தளைக்கு அருகே ஒரு சிற்றூருக்குப் போனார். அங்கே கத்தோலிக்கர் இல்லை, பௌத்த விவசாயிகள் மட்டும். கோயில் கட்டவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சுப செத் கெதர என்று ஒரு குடிசை. நல்வாழ்த்தின் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மூலிகை மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு, பிக்குமாரோடு பேச்சு.

ஏன் அங்கே? அது வெல்லஸ்ஸ. 1818இல் ஊவா வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை ஊர்களை எரித்தது, வயல்களையும் குளங்களையும் பாழாக்கியது, மாடுகளைக் கொன்றது, பழமரங்களை வெட்டிச் சாய்த்தது. எழுந்தவர்களுக்குத் துரோகி என்று பெயர். அந்தப் பெயரை அரசாங்கம் நீக்கியது 2016இல், அதே சிறிசேன காலத்தில். அந்த மண்ணில் கிறிஸ்தவன் என்றால் 1818இன் ஆள் என்பதை ரொட்ரிகோ அறிந்திருந்தார். அந்தப் படையில் அவருடைய பாட்டனார் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்குத் தன் பேரில் இருப்பதாக எடுத்துக்கொண்டார். துண்டு எழுதாமலே கட்டினார். சீனிக் கம்பனி நிலத்துக்கு வந்தபோது விவசாயிகள் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10 மாலை, அந்தக் குடிசையில் திருப்பலி நடந்த நேரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அரசின் பக்கமும் கிளர்ச்சியாளர் பக்கமும் துப்பாக்கி இருந்த காலம். அந்தக் கொலைக்கும் யாரும் தண்டனை பெறவில்லை.

அவரைப் புனிதராக்கும் வேலையில் எனக்கு ஆர்வமில்லை. அந்த ஏழு வருஷம்தான் முக்கியம். கடன்பட்டவரின் வாரிசாகத் தன்னை எழுதிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்ற ஏழு வருஷம். மன்னிப்பு என்ற வியாபாரத்தில் எங்கள் சபைகள் எப்போதும் கொடுக்கிறவன் பக்கத்துக் கடையையே திறந்து வைத்திருந்தன. ரொட்ரிகோ எதிர்ப்பக்கத்தில் போய் நின்றார்.

பிலாக்காய் 1996 வரை வந்தது. அந்த வருஷக் கடைசியில் அந்த ஆள் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டோம். அப்பா இழவுக்குப் போய் வந்தார், அம்மா போகவில்லை. அடுத்த பிலாக்காய்க் காலத்தில் ஒரு பையன் வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். 83இல் நாலைந்து வயது இருந்திருந்தால் அதிகம். சைக்கிளில் கட்டிய சாக்கை அவிழ்த்து, இரண்டு காயை வாசலில் வைத்தான். அப்பா கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார் என்றான். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மா சொல்லவும் இல்லை. உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்.

அன்று இரவு அவித்ததில் அம்மாவும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டதாகத் தங்கை சொல்கிறாள். நான் பார்க்கவில்லை.